பெல்லட் கிரில் வாங்கப் போறீங்களா, மொதல்ல ப்ளக்கைப் பாருங்க

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் யீஷூன்ல நாலறை வீட்டுல இருக்கேன், முப்பது வருஷமா கட்டடங்கள்ல மோட்டார், பம்ப், ஃபேன் பாக்குற டெக்னீஷியன் வேலை. உங்க பேப்பருக்கு இதுவரைக்கும் லெட்டர் போட்டதில்ல, ஆனா இந்த ரெண்டு மூணு மாசத்துல மட்டும் அஞ்சு பேரு எங்கிட்ட ஒரே கேள்வியைக் கேட்டுட்டாங்க, கோயில்ல ஒருத்தரு, வேலை இடத்துல ரெண்டு பேரு, சொந்தக்காரங்க ரெண்டு பேரு. "அண்ணே, உங்க தம்பி வீட்டுல அந்தப் புகை அடுப்பு இருக்குல்ல, பெல்லட் கிரில்லு, நாங்களும் ஒண்ணு எடுக்கலாம்னு பாக்குறோம், எந்த பிராண்டு நல்லது?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா அரை மணி நேரம் பேசிப் பேசி வாய் வலிக்குது, அதான் ஒரேடியா எழுதிப் போட்டுடலாம்னு உக்காந்துட்டேன்.

பிராண்டுங்கறது நாலாவது அஞ்சாவது கேள்விங்க. சிங்கப்பூர்ல மொத கேள்வி கரண்டு, ரெண்டாவது ஈரம், மூணாவது பக்கத்து வீட்டுக்காரங்க. இது மூணுக்கும் பதில் இல்லாம ஆயிரம் வெள்ளிக்கு மேல கொடுத்து ஒரு இரும்புப் பெட்டியைத் தூக்கிட்டு வந்தீங்கன்னா அது செருப்பு ரேக் பக்கத்துல துருப்புடிச்சு நிக்கும், மேல துணி காயப் போடுவீங்க. பாத்திருக்கேன்.

தெரியாதவங்களுக்கு இந்த மெஷின் என்னன்னு சொல்லிடறேன். பாக்குறதுக்கு சாதா பார்பிக்யூ டிரம் மாதிரிதான் இருக்கும், பக்கத்துல ஒரு பெட்டி, அதுல மரத்தூளை அழுத்திச் செஞ்ச குச்சி குச்சியா பெல்லட் கொட்டணும், ஆறு மில்லிமீட்டர் கனம், கோழித் தீவனம் மாதிரியே இருக்கும். பெட்டிக்கு அடியில ஒரு இரும்புத் திருகு, ஆகர்னு சொல்வாங்க, நம்ம முறுக்கு அச்சுக்குள்ள மாவு போற மாதிரி அது மெதுவா சுத்தி பெல்லட்டை நடுவுல இருக்கற சின்ன நெருப்புக் கிண்ணத்துக்குத் தள்ளும், அங்க ஒரு சூட்டுக் கம்பி பத்த வைக்கும், ஃபேன் காத்து ஊதும். ஒரு கண்ட்ரோலர் உள்ள இருக்கற சூட்டைப் பாத்துப் பாத்து திருகை ஓட்டும் நிறுத்தும். நீங்க 110 டிகிரின்னு வச்சுட்டு பேப்பர் படிக்கப் போயிடலாம். அவ்ளோதான் விஷயம், கரி அடுப்புக்கு முன்னாடி விசிறியோட உக்காந்து கண்ணைக் கசக்க வேணாம்.

இது அமெரிக்காக்காரன் சமாச்சாரம். எழுபதுகள்ல எண்ணெய் விலை எகிறுனப்போ அங்க குளிருக்கு வீட்டைச் சூடு பண்றதுக்கு மரத்தூள் பெல்லட்டைக் கொண்டு வந்தாங்க, அப்புறம் ஆரிகன் மாநிலத்துல மவுண்ட் ஏஞ்சல்னு ஒரு சின்ன ஊரு, அங்க ஹீட்டர் வியாபாரம் பண்ண ஜோ டிரேகர்ங்கறவரு அதே பெல்லட்ல கறி வேக வச்சா என்னன்னு இறங்குனாரு, 1986ல பேட்டண்ட் வாங்குனாரு. அந்த பேட்டண்ட் காலம் முடியற வரைக்கும் வேற யாரும் கை வைக்க முடியல, முடிஞ்சதும் ஆளாளுக்குச் செய்ய ஆரம்பிச்சாங்க, அதனாலதான் இப்ப இவ்ளோ பிராண்டு. இதை ஏன் சொல்றேன்னா, பொறந்த ஊரு அமெரிக்கா, அங்க கரண்டு 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ், நம்ம ஊர்ல 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ் (ஹெர்ட்ஸ்னா கரண்டு ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை அலையுதுங்கற கணக்கு). இங்கதான் என் தம்பி மாட்டுனான்.

அவன் இருக்கறது சிலேத்தார் ஹில்ஸ் பக்கம் தரை வீடு, பின்னாடி கொஞ்சம் சிமெண்ட் போட்ட இடம் இருக்கு. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம ஆன்லைன்ல யாரோ ஒரு விக்கிறவன்கிட்ட, கடையில விக்கிற விலையை விட நானூறு வெள்ளி கம்மின்னு, நேரா அமெரிக்காவுலருந்து வர்ற மெஷினை ஆர்டர் பண்ணிட்டான். பெட்டி வந்துச்சு, ப்ளக் பாத்தா தட்டையா ரெண்டு கம்பி. கூடவே ஒரு மூணு முனை அடாப்டரும் போட்டு அனுப்பியிருந்தான் அந்த மகராசன். அடாப்டர்னா ஓட்டையை மாத்தும், வோல்ட்டை மாத்தாது, இது எனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்துல வேலை பாக்குற என் தம்பிக்கு எப்படித் தெரியும். மாட்டி சுவிட்சைப் போட்டிருக்கான், ரெண்டு செகண்ட் ஃபேன் பேய் மாதிரி சுத்துச்சாம், அப்புறம் டப்னு ஒரு சத்தம், மசாலா வாசனை வர வேண்டிய இடத்துல போர்டு கருகுன வாசனை. நான் சாயங்காலம் போயி மூடியைக் கழட்டிப் பாத்தேன், கண்ட்ரோலர் போர்டுல ஒரு கெப்பாசிட்டர் வயிறு வெடிச்சு பஞ்சு வெளிய தொங்குது. வோல்ட் எவ்வளவுன்னு சொல்ற ஸ்டிக்கர் எங்க இருந்துச்சு தெரியுமா, பெல்லட் பெட்டிக்கு அடியில, படுத்துப் பாத்தாத்தான் தெரியும்.

விக்கிறவன்கிட்ட கேட்டதுக்கு நீங்க தப்பா உபயோகிச்சீங்கன்னுட்டான். இங்கயே கடை வச்சிருக்கறவங்கன்னா நமக்கு லெமன் லான்னு ஒண்ணு இருக்கு, 2012 செப்டம்பர்லருந்து, வாங்குன ஆறு மாசத்துக்குள்ள கோளாறு வந்தா அது வாங்கும்போதே இருந்த கோளாறுன்னுதான் எடுத்துக்குவாங்க, கடைக்காரர்தான் இல்லைன்னு நிரூபிக்கணும், சிறு வழக்கு மன்றத்துக்கும் போகலாம், வக்கீல் வேணாம். வெளிநாட்டுல முகம் தெரியாம இருக்கறவனை எங்க போயி புடிக்கறது. நானூறு வெள்ளி மிச்சம் புடிக்கப் போயி முழுப் பணமும் போச்சு, அதுல ஜிஎஸ்டி வேற தனியா கட்டியிருக்கான்.

சில பேரு சொல்றாங்க, ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டா சரியாயிடும்னு. பாதிதான் சரி. டிரான்ஸ்ஃபார்மர் 230ஐ 120 ஆக்கும், 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. ஏசி மோட்டார் போட்ட மெஷின்னா அந்த மோட்டாரோட வேகம் ஹெர்ட்ஸைப் பாத்துத்தான் ஓடும், அங்க ஆறு சுத்து சுத்தற திருகு இங்க அஞ்சுதான் சுத்தும், ஃபேனும் அதே கதை. கண்ட்ரோலர் கொஞ்சம் சமாளிக்கும், ஆனா பத்த வைக்கற நேரத்துல பெல்லட் பத்தாம இழுக்கும், மழைக்காத்து அடிச்சா சூடு ஏறவே ஏறாது. இப்ப வர்ற சில மெஷின்கள்ல டிசி மோட்டார் போடறாங்க, பவர் சப்ளை வழியா ஓடறது, அதுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதனால கடைக்குப் போனா மொத வேலையா குனிஞ்சு ஸ்டிக்கரைப் பாருங்க, 220-240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், மூணு சதுர முனை ப்ளக், இது மூணும் இருக்கணும். கடைப் பையன் வைஃபை இருக்கு போன்ல பாக்கலாம்னு ஆரம்பிப்பான், இருங்க தம்பி ஸ்டிக்கரைக் காட்டுங்கன்னு சொல்லுங்க. கரண்டு பில்லுக்கு ரொம்ப பயப்பட வேணாம், பத்த வைக்கற சில நிமிஷத்துக்கு இருநூறு முந்நூறு வாட்ஸ் இழுக்கும், அப்புறம் ஒரு பழைய குண்டு பல்பு அளவுதான்.

ரெண்டாவது மெஷினை நான் கூடப் போயி இங்கயே ஒரு கடையில எடுத்துக் கொடுத்தேன். அது நல்லா ஓடுச்சு. ஒரு மாசம்.

இப்ப ஈரத்துக்கு வர்றேன், நான் லெட்டர் எழுத உக்காந்ததே முக்கியமா இதுக்குத்தான். பெல்லட்ல பசை எதுவும் கிடையாது, மரத்துலயே இருக்கற லிக்னின்ங்கற சமாச்சாரம் அழுத்தத்துலயும் சூட்டுலயும் இளகி தூளைப் புடிச்சு வச்சுக்குது. தண்ணி பட்டுச்சுன்னா புடி விட்டுடும், குச்சி வீங்கி, உதிந்து, மறுபடியும் மரத்தூளாயிடும். அமெரிக்காவுல வறண்ட ஊர்ல இருக்கறவன் பெட்டியில பெல்லட்டை அப்படியே விட்டுட்டுப் போவான், நம்ம ஊர்ல சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல, மழை பெஞ்சா நூறைத் தொடுது. முறுக்கு டப்பாவைத் திறந்து வச்சா ஒரு மணி நேரத்துல நமுத்துப் போகுதுல்ல, பெல்லட்டும் முறுக்கும் ஒண்ணுதான்.

டிசம்பர் மாசம், தம்பி மக பொறந்தநாளு, பன்னெண்டு பேரைக் கூப்பிட்டிருக்கான், ரெண்டு ஆட்டுத் தொடை மொத நாள் ராத்திரியே மசாலா தடவி ஃப்ரிட்ஜ்ல இருக்கு. காலைல ஆறரைக்கு சுவிட்சைப் போட்டா ஃபேன் சுத்துது, திருகு சுத்தல, உர்ர்ர்னு ஒரு முனகல் மட்டும். போன் வந்துச்சு, நான் டூல் பாக்ஸைத் தூக்கிட்டு கிளம்புனேன். பெட்டியைத் திறந்தா மேலாப்புல பெல்லட் நல்லாத்தான் இருக்கு, கையை விட்டு அடியில தொட்டா புட்டு மாவு மாதிரி ஈரமா, கொஞ்சம் புளிச்ச வாசனையோட. மூணு வாரமா மழையில வெளியவே நின்ன மெஷின், உறை போட்டிருந்தான், ஆனா உறை தண்ணியைத்தான் தடுக்கும், காத்துல இருக்கற ஈரத்தை என்ன பண்ணும். மேல இருந்ததை அள்ளிப் போட்டுட்டு திருகுக் குழாயைப் பாத்தேன், அதுக்குள்ள போன தூளு ஊதி, அப்புறம் காஞ்சு, சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடக்கு. மோட்டாரைக் கழட்டி, திருகையும் மோட்டாரையும் சேக்கற சின்ன பின்னை எடுத்து, பைப் ரெஞ்ச் போட்டு திருகைப் பின்பக்கமா திருப்பித் திருப்பி, நீட்டு ஸ்க்ரூ டிரைவரால கொத்திக் கொத்தி, ரெண்டே கால் மணி நேரம். ஒரு துண்டை வெளிய எடுத்துப் பாத்தேன், மெழுகுவர்த்தி மாதிரி உருண்டையா, மேல திருகோட வரி வரியா அச்சு. என் தம்பி பொண்டாட்டி வந்து எட்டிப் பாத்துட்டு ஒண்ணுமே சொல்லல, உள்ள போயி ரெண்டு குக்கரை எடுத்து அடுப்புல வச்சுட்டா. அன்னிக்கு எல்லாரும் மட்டன் குழம்புதான் சாப்பிட்டாங்க, நல்லாத்தான் இருந்துச்சு, யாருக்கும் எதுவும் தெரியல, எனக்கும் தம்பிக்கும் மட்டும் முகம் செத்துப் போச்சு.

அதுலருந்து நாங்க புடிச்ச பழக்கம் இது. சமையல் முடிஞ்சதும் பெட்டியில பெல்லட் ஒண்ணு கூட விடறதில்ல. அதனால அடியில கதவு வச்சு வடிக்கற மாதிரி இருக்கற மெஷினா பாத்து எடுங்க, அந்தக் கதவு இல்லாத மெஷினும் விக்கிறாங்க, கையால அள்ளணும், வேணாம். மிச்சத்தை இறுக்க மூடற பிளாஸ்டிக் வாளியில போட்டு வீட்டுக்குள்ள வச்சுக்கணும், அரிசி மூட்டை வைக்கற இடத்துல. ஒன்பது கிலோ மூட்டைதான் சாதாரணமா வருது, மெதுவா புகை போட்டா ஒரு மணி நேரத்துக்கு அரை கிலோலருந்து ஒரு கிலோ வரைக்கும் தின்னும், அதனால மலிவா கிடைக்குதுன்னு பத்து மூட்டை வாங்கி அடுக்காதீங்க, ரெண்டு போதும். நல்ல பெல்லட்டான்னு பாக்க ஒரு வழி, ஒரு குச்சியை எடுத்து ஒடிச்சா டக்குனு சத்தத்தோட ஒடியணும், மேல பளபளன்னு இருக்கணும், வளைஞ்சாலோ பொடிஞ்சாலோ திருப்பிக் கொடுத்துடுங்க. இன்னொண்ணு, வீட்டைச் சூடு பண்ற பெல்லட்னு தனியா இருக்கு, அதுல என்ன மரம் என்ன கழிவு கலந்திருக்கும்னு சொல்ல முடியாது, சமையலுக்குன்னு போட்டதைத்தான் வாங்கணும். ஹிக்கரி, ஓக், ஆப்பிள், செர்ரின்னு பேரு பேரா இருக்கும், நம்ம மசாலாவுக்கு முன்னாடி அந்த வித்தியாசமெல்லாம் நாக்குக்குத் தெரியுதான்னா, எனக்குத் தெரியல. கோழிக்கு ஆப்பிள், ஆட்டுக்கு ஓக், அதோட நிறுத்திக்கிட்டோம்.

ஈரம் இன்னொரு வேலையும் பண்ணும். சூட்டுக் கம்பிக்குள்ள ஈரம் ஏறிட்டா கரண்டு கசியும், வீட்டு மெயின் பாக்ஸ்ல இருக்கற ஆர்சிசிபி, அதான் கரண்டு கசிஞ்சா தானா வெட்டி விடற சுவிட்சு, 30 மில்லி ஆம்பியருக்கே விழுந்துடும், மொத்த வீடும் இருட்டு. எங்கம்மா உள்ள சீரியல் பாத்துட்டு இருந்தாங்க, அன்னிக்கு வாங்குன திட்டை எழுத முடியாது. மெஷினைக் குறை சொல்லாதீங்க, ஆர்சிசிபி அதோட வேலையைச் செய்யுது, அதைப் பைபாஸ் பண்ணித் தர்றேன்னு எவனாவது சொன்னா வீட்டை விட்டுத் துரத்துங்க. அதே மாதிரி சமைச்சு முடிஞ்ச உடனே சுவத்து சுவிட்சை அணைக்கக் கூடாது, நம்ம வீட்டுப் பொம்பளைங்க எல்லாருக்கும் அந்தப் பழக்கம் உண்டு, நல்ல பழக்கம்தான், ஆனா இந்த மெஷினுக்கு ஆகாது. மெஷின்ல இருக்கற பட்டனை அணைச்சா கிண்ணத்துல மிச்சம் இருக்கற பெல்லட் எரிஞ்சு முடியற வரைக்கும் பத்து நிமிஷம் போல ஃபேன் ஓடிட்டு தானா நிக்கும். நடுவுல கரண்டை வெட்டுனா நெருப்பு திருகு வழியா பெட்டிப் பக்கம் பின்னாடி ஏற வாய்ப்பு இருக்கு. அப்புறம் பாதியில நெருப்பு அவிஞ்சு போச்சுன்னா, அப்படியே மறுபடி ஸ்டார்ட் பண்ணாதீங்க, கிண்ணம் முழுக்க பெல்லட் குவிஞ்சு கிடக்கும், ஒரேடியா பத்துனா மூடியைத் தூக்கி அடிக்கும். ஆற விட்டு, கிண்ணத்தைக் காலி பண்ணிட்டு, அப்புறம் பத்த வைங்க.

எங்க வைக்கறதுங்கறதுதான் இங்க பாதிப் பேருக்கு கதையை முடிச்சு வைக்கும். அஞ்சு பேரு கேட்டாங்கன்னு சொன்னேன்ல, அதுல மூணு பேரு வீவக வீட்டுக்காரங்க, அரசாங்க அடுக்குமாடியில இருக்கறவங்க. காரிடார்ல வைக்கக் கூடாது, அது எல்லாரும் தப்பிச்சு ஓடற வழி. வீட்டுக்குள்ள, சர்வீஸ் யார்டுல ஜன்னலைத் திறந்து வச்சுட்டு ஓட்டிக்கலாம்னு ஒருத்தரு கேட்டாரு, மரம் எரியுற எதுலயும் கார்பன் மோனாக்சைடு வரும், அது வாசனை இல்லாம ஆளைச் சாய்க்கும், அந்தப் பேச்சே வேணாம்னுட்டேன். ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ் பூங்காவுல பார்பிக்யூ பிட் புக் பண்ணலாம், அது கரி போடற பிட்டு, ப்ளக் பாயிண்ட் இருக்காது, நம்ம இஷ்டத்துக்கு புல்வெளியில சொந்த அடுப்பை வச்சு நெருப்பு போடவும் விடமாட்டாங்க. கொண்டோக்காரங்க மேனேஜ்மெண்ட்கிட்ட எழுத்துல கேட்டுக்கங்க, வாய் வார்த்தை நம்பாதீங்க, கமிட்டி மாறுனா வார்த்தையும் மாறும். ஆகக்கூடி தரை வீடு, பின்கட்டு இருக்கறவங்களுக்குத்தான் இது ஒத்து வரும். யீஷூன்ல இருக்கற நான் என்ன பண்றேன்னா, தம்பி வீட்டுல சாப்பிடறேன்.

தரை வீட்டுக்கும் பக்கத்து வீடுன்னு ஒண்ணு இருக்குல்ல. தம்பி வீட்டுக்கு ஒட்டுனாப்புல ஒரு சீன ஆன்ட்டி இருக்காங்க, எழுபது வயசு இருக்கும், மூங்கில் கழியில துணி காயப் போடுவாங்க. மொத தடவை நாங்க எட்டு மணி நேரம் புகை போட்டுட்டோம், பெல்லட் புகை மெல்லிசா நீல நிறத்துல இருக்கும், கண்ணு எரியாது, ஆனா துணியில ஏறிடும். சாயங்காலம் அவங்க வேலிக்கிட்ட வந்து ஒரு தலையணை உறையை மோந்து பாத்துட்டு எங்களைப் பாத்தாங்க, திட்டல, அந்தப் பார்வையே போதும். 2013 ஜூன் மாசம் புகைமூட்டத்துல காத்து எவ்ளோ கெட்டிருக்குன்னு சொல்ற பிஎஸ்ஐ 401க்குப் போனப்போ மாஸ்க் தேடி அலைஞ்சவங்க நாம, நம்ம ஊர்ல புகைன்னா யாருக்கும் ஒரு பயம் உண்டு. அதுக்கப்புறம் தம்பி மொத நாளே மெசேஜ் போட்டுடறான், நாளைக்கு அடுப்பு பத்த வைக்கிறோம் ஆன்ட்டின்னு, அவங்க காலைலயே துணியை எடுத்துடுவாங்க, சாயங்காலம் ஒரு டப்பால கோழி போகும். புகைக்குழாய் எந்தப் பக்கம் இருக்குன்னும் வாங்கறப்பவே பாருங்க, சில மெஷின்ல பக்கவாட்டுல இருக்கும், சிலதுல பின்பக்கம் முழுக்க, உங்க சுவரு எந்தப் பக்கம்னு யோசிச்சுக்கங்க.

கறியைப் பத்தி சொல்லாம முடிக்க மனசு வரல. இந்த மெஷினோட வர்ற புக்லெட், வீடியோ எதைப் பாத்தாலும் மாட்டு பிரிஸ்கெட்டுங்கற நெஞ்சுக்கறி, பன்னித் தோள், இது ரெண்டுதான். நம்ம வீடுகள்ல பாதிக்கு மேல மாடு உள்ள வராது, தம்பியோட கூட வேலை பாக்குற மலாய்க்காரங்க வருவாங்க, அதனால அந்த அடுப்புல மாடும் ஏறுனதில்ல பன்னியும் ஏறுனதில்ல, கறி தேக்கா மார்க்கெட்ல ஹலால் கடையிலதான். பழைய மெஷின் வாங்க நினைக்கறவங்க இதை யோசிக்கணும், முன்னாடி என்ன சுட்டாங்கன்னு விக்கிறவரு சொல்றதை நம்பித்தான் வாங்கணும், அந்தக் கொழுப்பு உள் தகடு பூரா ஊறிக் கிடக்கும்.

ஆட்டுத் தொடை எலும்போட ரெண்டரை கிலோ, ஆஸ்திரேலியா ஆடுதான், தயிர், இஞ்சி பூண்டு, மிளகாத்தூள், மஞ்சள், நிறைய சோம்பு, மிளகு, உப்பு, ராத்திரி பூரா ஊறணும். 110 டிகிரில வச்சா உள்ள மெதுவா ஏறிட்டே வந்து 65, 70 டிகிரிக்கிட்ட நின்னுடும், ரெண்டு மணி நேரம் முள்ளு நகராது. மொத தடவை மெஷின் மறுபடி கெட்டுப் போச்சுன்னு நினைச்சு எனக்குப் போன் பண்ணிட்டான். கெட்டுப் போகல, கறி வேர்க்குது. மண்பானையில தண்ணி கசிஞ்சு ஆவியாகுறதால உள்ள இருக்கற தண்ணி குளிருதே, அதே கணக்கு, கறியிலருந்து ஈரம் ஆவியாகி வெளிய போற வரைக்கும் சூடு ஏறாது. அவசரப்பட்டு சூட்டைக் கூட்டாம, அந்த நேரத்துல எடுத்து வாழை இலையில சுத்தி, மேல அலுமினியத் தாளும் சுத்தி மறுபடி வச்சா ஈரம் உள்ளயே நின்னு ஏற ஆரம்பிச்சிடும். 92, 93 வந்ததும் எடுத்து ஒரு மணி நேரம் ஆற விட்டா எலும்பைப் புடிச்சு இழுத்தா கையோட வருது. மொத்தம் ஏழெட்டு மணி நேரம். எங்க பாட்டி ஊர்ல உப்புக்கண்டம் போட்டு விறகு அடுப்புக்கு மேல கயிறு கட்டித் தொங்க விடுவாங்களாம், புகை தானா ஏறுமாம், அம்மா மொத வாய் எடுத்து வச்சுட்டு அதைத்தான் சொன்னாங்க. அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு டிசம்பர்ல கொத்துன ரெண்டே கால் மணி நேரம் மறந்து போச்சு.

கோழிக்கு இந்த மெதுவான சூடு ஆகாது, தோலு ரப்பரு மாதிரி இழுக்கும், 180க்கு மேல வச்சு உள்ள 74 டிகிரி வந்ததும் எடுங்க. இறைச்சிக்குள்ள குத்துற தெர்மாமீட்டர் கண்டிப்பா வேணும், மெஷினோடவே ரெண்டு வந்தா நல்லது. அப்புறம் ஒரு உண்மை, கரியில சுட்ட சாத்தேவோட அந்தக் கருகல் மணம் இதுல வராது. பெல்லட் புகை கொஞ்சம் சாதுவான புகை, கொழுப்பு தணல்ல சொட்டிப் பொசுங்கற சமாச்சாரம் இல்ல, நடுவுல ஒரு தகடு மறைச்சுக்கும். சில மெஷின்ல அந்தத் தகட்டை நகத்தி நேரா நெருப்புல வாட்டலாம், சம்பால் திருக்கை மீன் மாதிரி சமாச்சாரம் பண்றவங்க அதைப் பாத்து எடுங்க, இல்லைன்னா பழைய கரி அடுப்பைத் தூக்கிப் போட்டுடாதீங்க, நாங்க ரெண்டும்தான் வச்சிருக்கோம்.

அளவு விஷயத்துல கடைக்காரங்க பெருசாத்தான் தள்ளுவாங்க. பெருசு எடுத்தா சூடு ஏற நேரமாகும், பெல்லட்டும் கூடப் போகும், உறையும் பெருசு. ரெண்டு ஆட்டுத் தொடையோ நாலு கோழியோ ஒரே தட்டுல படுக்குதான்னு பாருங்க, அது போதும் ஒரு குடும்பத்துக்கு, வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற கூட்டத்துக்காக பெருசு வாங்க வேணாம். தகடு கனமா இருக்கணும், மூடி ரப்பர் பட்டையோட இறுக்கமா உக்காரணும். சூட்டுக் கம்பி, ஃபேன், திருகு மோட்டார், கண்ட்ரோலர், இந்த நாலும் இங்க ஸ்டாக் இருக்கான்னு கேளுங்க, கம்பி எப்படியும் ஒரு நாள் போகும். "ஆர்டர் பண்ணா ஆறு வாரத்துல வரும்"னு சொன்னா அந்தக் கடையை விட்டு வெளிய வாங்க. இதுக்கப்புறம் ரெண்டு மெஷின் மிச்சம் இருந்தா, பிராண்டு உங்க இஷ்டம், கலரு புடிச்சதை எடுங்க.

ஆசிரியர் அவர்களே, எனக்கு ரெண்டு கோரிக்கை இருக்கு. ஒண்ணு கடைக்காரங்களுக்கு, உங்க பேப்பர் வழியா. வோல்ட், ஹெர்ட்ஸ் ரெண்டையும் விலைச் சீட்டுலயே பெருசா எழுதிப் போடுங்க, பெட்டிக்கு அடியில ஒட்டாதீங்க, வாங்க வர்றவரு எந்த மாதிரி வீட்டுல இருக்காருன்னு ஒரு வார்த்தை கேளுங்க, வீவக வீட்டுக்காரருக்கு வித்துட்டு அப்புறம் அவரு காரிடார்ல வச்சு மாட்டிக்கிட்டா உங்களுக்கு என்ன லாபம். ரெண்டாவது உங்களுக்கு. சமையல் பக்கத்துல இந்த மாதிரி வெளி அடுப்புல நம்ம ஆட்டுக்கறி, கோழி, மீனை எப்படிச் செய்யறதுன்னு யாராவது அனுபவப்பட்டவங்களை வச்சுப் போடுங்க, என் தம்பி பொண்டாட்டியை வேணும்னாலும் கேக்கலாம், சோம்பு அளவு அவளுக்குத்தான் தெரியும், எங்க ரெண்டு பேருக்கும் சொல்ல மாட்டேங்கறா.

வர்ற சனிக்கிழமை காலைல ஆறு மணிக்கு அங்க பத்த வைக்கிறோம். பெல்லட்டை நேத்தே ஒடிச்சுப் பாத்துட்டேன், டக்குனு ஒடியுது. குக்கர் ரெண்டும் தயாரா இருக்கட்டும்னு சொல்லி வச்சிருக்கு.

இப்படிக்கு,
உங்க பேப்பரைப் பல வருஷமா படிக்கற வாசகன்,
யீஷூன்.